கழுவ முடியாத கை



இந்த அரங்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கோபாலபுரத்து மாடி வீடு ஒன்றில் ஓர் அம்மாளைப் பல வருடம் பார்த்துவந்தேன். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது கை துவண்டு கிடந்தது. ஆறேழு வாரத்தில் முழங்கை தானாக மடங்கத் தொடங்கியது. "கைக்கு உயிர் வருது டாக்டர்" என்று மகள் பூரித்துப்போனார். அடுத்த தீபாவளிக்குள் விரல்கள் சுருண்டு, நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகி, வாடை அடிக்க ஆரம்பித்தது. ரவிக்கையின் வலது கையைப் பிரித்து ஹூக் வைத்துத் தைத்திருந்தார்கள். நானோ முழங்கை எத்தனை டிகிரி நீள்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். மகள் ஒன்றுதான் கேட்டார்: "இந்தக் கையை எப்படி டாக்டர் கழுவறது?" அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் இந்த இறுக்கத்தின் குணத்திலேயே இருந்தது. இழுத்தால் எதிர்த்துச் சுருங்குவது தசையின் அனிச்சைச் செயல். அதை அடக்கிவைப்பது மூளை. அந்தப் பிடி விட்டுப்போனதும், எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவுக்குத் தசை முரண்டு பிடிக்கிறது. 1980இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவரான ஜேம்ஸ் லான்ஸ் இந்த இறுக்கத்துக்குத் தந்த வரையறையின் சாரமும் இந்த வேகம்தான். கார் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும். மெல்ல இழுத்தால் வரும். அதுபோலவே மூடிய விரல்களை நுனியில் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்க வேண்டும். விரல்கள் தளரும். பிறகு கட்டைவிரலை அடிப்பாகத்தில் பிடித்து மெதுவாக விலக்கினால் ஈரத்துணி உள்ளே போகும். இதை நான் ஒரு தெரபிஸ்டிடம் கற்றேன், புத்தகத்தில் அல்ல.

இந்த ஊருக்கு இந்த இறுக்கத்துக்கான சிகிச்சையில் பழைய உறவு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி உருவாக்கிய நரம்பு அறுவை சிகிச்சைத் துறையில், பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் 1960களிலும் 70களிலும் பெருமூளை வாதக் குழந்தைகளின் விறைப்பைக் குறைக்க, மூளையின் ஆழத்தில் ஊசிமுனை அளவில் அறுவை செய்தார்கள். தரமணியிலும் கோட்டூர்புரத்திலும் 80களில் தொடங்கிய அமைப்புகள் அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்தன. எனக்கு இரண்டாவதுதான் பெரிய சாதனை. அறுவை நிபுணர்கள் மன்னிக்க வேண்டும்.

இன்று தசையைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரை இருக்கிறது. தூக்கம் வரும், தளர்ச்சி வரும். ஆனால் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். இதை மருந்துச் சீட்டில் தமிழில் எழுதித் தருகிறவர்கள் எத்தனை பேர்? போட்யூலினம் ஊசி ஏறக்குறைய மூன்று மாதம் தசையைத் தளர்த்தும். அந்த மூன்று மாதத்தில் நீட்டல் பயிற்சியும் ஸ்ப்ளின்ட்டும் இல்லையென்றால் குடும்பம் நகை அடகுவைத்த பணம் வீண். இருந்தாற்போல் கை கூடுதலாக இறுகினால், மருந்தை ஏற்றுமுன் சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, எங்காவது புண்ணா என்று பாருங்கள். அமுக்கிப் பழகச் சொல்லி ஊரெல்லாம் வாங்கிக் கொடுக்கும் அந்த மஞ்சள் ஸ்மைலி பந்தையும் சற்று யோசியுங்கள்: மூடத் தெரிந்த கைக்கு மேலும் மூடவா கற்றுத்தருவது?

கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தசை இறுக்கத்தை மதிப்பிடும் ஆஷ்வொர்த் அளவுகோல் 1964இல், ஒரு மருந்தைச் சோதிக்கப் பிறந்தது. கட்டில் ஓரத்தில் நாம் உணரும் எதிர்ப்பைத்தான் அது சொல்லும். மூன்று இரண்டாகக் குறைந்தது என்று சொல்லும்போது, சட்டை மாட்ட முன்பு எத்தனை நிமிடம், இப்போது எத்தனை என்பதையும் சொல்லுங்கள். அதைக் குறித்துவைத்திருக்காவிட்டால், இந்த அவையில் அதைச் சொல்லத் தெரிந்த குடும்பத்தார் பின்வரிசையில் இருக்கிறார்கள். அதனால்தான் முதல் அமர்வின் முதல் பதினைந்து நிமிடத்தை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். மைக்கைப் பின்னால் கொடுங்கள்.