நடுவர் இல்லாத ஆட்டத்தில் யார் சொல் எடுபடும்?

(கோவை உக்கடத்தில் இளைஞர்களிடையே நடந்த கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஃபிரிஸ்பியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். "கோகுல்ராஜையும் உடுமலை சங்கரையும் பறிகொடுத்த மண்ணில், மலக்குழிக்குள் இன்னும் ஆள் இறங்குகிற ஊரில், தட்டு எறிவதைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு நான் மைதானத்துக்குக் கிளம்பும்போது என் அம்மாவும் இதையேதான் கேட்கிறார். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அதன் பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்தப் பகுதிப் பிள்ளைகள் கொஞ்சம் பேரோடு சில வருடங்களாக அல்டிமேட் ஆடுகிறேன். சிலர் தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். மேம்பாலத்துக்காக வீடு இடிபட்டு, தகரக் கொட்டகையில் வருடக்கணக்கில் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகள். சிலர் மீன் மார்க்கெட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். கோட்டைமேட்டிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள். வேறு ஒரு ஊரில் நடந்த போட்டிக்கு இவர்களைக் கூட்டிப் போனோம். எதிரணியில் கல்லூரி முடித்து நல்ல வேலையில் இருப்பவர்கள். கெட்டவர்கள் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுத்தவர்கள்.

ஆட்டத்தின் கடைசிக் கட்டம். எங்கள் அணியின் பதினாறு வயதுப் பெண் எல்லைப் பகுதிக்குள் தாவி டிஸ்க்கைப் பிடிக்கப் போனாள். தடுக்க வந்தவரின் கை அவள் கையில் பட்டது. டிஸ்க் கீழே விழுந்தது. அவள் "ஃபவுல்" என்றாள். அவர் மறுத்தார். நிதானமாக, மரியாதையாக, ஆங்கிலத்தில் விளக்கினார். கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குப் பேச உரிமை கிடையாது. அவள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லைங்க அண்ணா, விடுங்க" என்று சொல்லித் திரும்பிவிட்டாள். ஃபவுலைத் திரும்பப் பெற்றதால் டிஸ்க் எதிரணிக்குப் போனது. ஆட்டமும் போனது.

பிறகு கேட்டேன், ஏன் கண்ணு விட்டாய் என்று. "பதில் தெரியுங்க அக்கா, வார்த்தைதான் வரலை" என்றாள்.

இந்த ஆட்டத்தில் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் எதிரணிக்கு மதிப்பெண் போட வேண்டும். ஐந்து தலைப்புகள்: விதிகளை அறிந்து பயன்படுத்துவது, உடல் மோதலைத் தவிர்ப்பது, நியாய மனம், நல்ல மனநிலையும் தன்னடக்கமும், தகவல் பரிமாற்றம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 20. எங்களுக்குத் தன்னடக்கத்துக்கு 4 வந்தது. தகவல் பரிமாற்றத்துக்கு 1. அடங்கிப் போனதற்கு முழு மதிப்பெண், பேசாமல் போனதற்குக் குறைந்த மதிப்பெண். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணிக்கு ஏழு பேர். மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு முனையிலும் 18 மீட்டர் எல்லைப் பகுதி. 175 கிராம் எடையுள்ள டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது. பத்து வினாடிக்குள் எறிய வேண்டும். அந்தப் பத்தை எண்ணுவது எதிரணிக்காரர்தான். எதிர் எல்லைக்குள் நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. கலப்புப் பிரிவில் ஒரு பாலினத்தவர் நால்வர், மறு பாலினத்தவர் மூவர் என்று ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகிறார்கள்.

இதில் நடுவர் கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பிலும் கிடையாது. உலகப் பறக்கும் தட்டுக் கூட்டமைப்பின் விதிநூலில் முதல் அத்தியாயமே 'ஆட்டத்தின் உணர்வு' பற்றியதுதான். உண்மை பேசு, விதியைத் தெரிந்து வைத்துக்கொள், சுருக்கமாக விளக்கு, எதிராளி பேச வாய்ப்புக் கொடு, மரியாதையாகப் பேசு. அடிபட்டவர் மட்டும்தான் ஃபவுல் கேட்க முடியும். எதிராளி மறுத்து, இருவரும் ஒத்துக்கொள்ள முடியாமல் போனால், தகராறு வருவதற்கு முன் எறிந்தவரிடமே டிஸ்க் திரும்பும். ஆட்டம் அங்கிருந்து தொடரும்.

இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். அந்தப் பெண் வாதத்தில் ஜெயித்திருக்க வேண்டியதே இல்லை. "நான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி நின்றிருந்தால் போதும், டிஸ்க் எங்கள் அணியிடமே வந்திருக்கும். அவளுக்கு அது தெரியாது. நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், சொல்லிக் கொடுக்கவில்லை. விதிநூல் என் கைப்பேசியில் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தத் தவறில் என் பங்கும் இருக்கிறது.

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். இந்த ஆட்டம் ஏன் நமக்கு முக்கியம்?

நம் வாழ்க்கையில் நடுவர்கள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்ப் பஞ்சாயத்து. காவல் நிலையம். பள்ளியில் வாத்தியார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. இன்றைக்கும் புகார் கொடுக்கப் போனால், நம் ஆள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள எத்தனை நிலையங்களில் மனம் வருகிறது? "யார் பார்த்தது, சாட்சி யார், சமாதானமாகப் போய்விடுங்கள்" என்பதுதானே முதல் பேச்சு. இந்த ஆட்டத்திலோ அடிபட்டவரின் சொல்லில்தான் விசாரணையே தொடங்குகிறது.

நம் கொங்குச் சீமையில் பத்து வயதுப் பையன் அறுபது வயது அருந்ததியர் பெரியவரைப் பேர் சொல்லி 'வாடா போடா' என்று கூப்பிட்ட காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. பெரியவர் பதிலுக்கு 'சாமி' என்பார். இரட்டைக் குவளை டீக்கடைகளும் பழங்கதை அல்ல. அந்தப் பெரியவர்களின் பேத்தி, ஊர் பேர் தெரியாத ஒரு ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்த்து "ஃபவுல்" என்று கத்துகிறாள். ஆட்டம் நிற்கிறது. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். ஆட்டம் முடிந்தபின் இரு அணியும் மாறி மாறி நின்று, தோள்மேல் கைபோட்டு வட்டமாக நிற்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால்தான், "தகராறே வேண்டாம், நடுவரைப் போட்டுவிடுவோம்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உலகத்தில் இந்த விவாதம் பழையது. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய அரைத் தொழில்முறை லீக் நடுவர்களை வைத்துக்கொண்டது. அங்கேயே மற்றப் பெரிய போட்டிகளில், ஆட்டக்காரர்களால் தீர்க்க முடியாததைத் தீர்த்துவைக்கப் பார்வையாளர் என்ற பொறுப்பில் ஒருவர் நிற்பார். உலகக் கூட்டமைப்போ ஆலோசகர்களை மட்டும் வைக்கிறது. விதி என்ன சொல்கிறது என்று அவர் சொல்வார், முடிவு ஆட்டக்காரர்களுடையது. மூன்றில் இந்தக் கடைசி வழியே நமக்கு உகந்தது என்பது என் கருத்து. கேட்கும் உரிமையை அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கி ஒரு விசிலிடம் கொடுக்க வேண்டாம். அவள் கேட்பதற்குத் துணை நிற்க ஒருவரைக் கொடுங்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'ஆட்டத்தின் உணர்வு' என்ற பேச்சு, எல்லோரும் சமமாகப் பேச முடியும் என்று முன்கூட்டியே நம்பிக்கொள்கிறது. அருந்ததியர் வீடுகளில் தெலுங்கு. தெருவில் தமிழ். விதி ஆங்கிலத்தில். எதிரில் நிற்பவர் நுனிநாக்கில் பேசும்போது, விட்டுக்கொடுப்பது நல்ல குணமாகத் தெரியாது, பழகிய பயமாகத்தான் இருக்கும். அரசியல் சட்ட ஒழுக்கம் மனிதர்களுக்குத் தானாக வருவதல்ல, வளர்த்தெடுக்க வேண்டியது என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். மைதானத்துக்கும் அது பொருந்தும். நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விட்டால், நல்லெண்ணம் ஏற்கெனவே பலம் உள்ளவர் பக்கமே சாயும்.

சென்னை எல்லியட்ஸ் கடற்கரையில் இந்த ஆட்டம் வளர்ந்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளும் ஒரே மணலில் ஆடினார்கள். 'ஃப்ளை வைல்ட்' என்ற சென்னை அணியைப் பற்றிய '175 கிராம்ஸ்' என்ற ஆவணக் குறும்படம் 2015இல் சன்டான்ஸ் வரை போனது. அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சேர்ந்து ஆடுவது பெரிய விஷயம். அதன் பிறகு வரும் கேள்வி, சேர்ந்து முடிவெடுக்கிறோமா என்பது.

பல்வங்கர் பாலுவை நினைத்துப் பாருங்கள். நூறு வருடங்களுக்கு முன் இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளர்களில் ஒருவர். சாமர் சாதியில் பிறந்தவர். புனேயில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனிக் குவளையில் தேநீர். இந்து அணிக்கு எத்தனையோ வெற்றிகளைத் தேடித் தந்தும் கேப்டன் பொறுப்பை அவருக்குக் கொடுக்கவே இல்லை. அவர் தம்பி விட்டல் 1923இல்தான் கேப்டன் ஆனார். ஆட விடுவார்கள், முடிவெடுக்க விட மாட்டார்கள். பழைய சூத்திரம் இது.

நாட்டில் இப்போது தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், 2025 வந்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தேசிய விளையாட்டு அமைப்புகளின் செயற்குழு 15 பேருக்கு மேல் போகக் கூடாது, அதில் குறைந்தது நான்கு பெண்கள் வேண்டும், சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு இடம் வேண்டும் என்கிறது. வரவேற்போம். ஆனால் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் அந்தச் செயற்குழுவில் இடம் ஒதுக்கவில்லை. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்காகத் தெருவில் நின்ற ஊர் இது. 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் 2009இல் கிடைத்தது. தனியாக எண்ணாவிட்டால் காணாமல் போய்விடுவோம் என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அல்டிமேட்டை நடத்துகிற அமைப்புகளிடம், உள்ளூர்ப் போட்டி நடத்துகிறவர்களிடம், நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் என்று நான் நினைப்பவை இவை.

முதலாவது, விதிநூல் தமிழில் வேண்டும். அச்சில், இலவசமாக, ஒவ்வொரு அணிக்கும். அவரவர் மொழியில் வாதிடும் உரிமையைப் போட்டி விதியிலேயே எழுத வேண்டும். மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பு இரண்டு அணிக்கும் பொது. புரியவில்லை என்பதற்காக யாரும் கேட்டதைத் திரும்பப் பெறக் கூடாது.

இரண்டாவது, மதிப்பெண் தாளை மாற்ற வேண்டும். 'தகவல் பரிமாற்றம்' என்ற தலைப்பில் எவ்வளவு நன்றாகப் பேசினார்கள் என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு பொறுமையாகக் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும். எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்களா என்று ஒரு கேள்வி போதும்.

மூன்றாவது, நிர்வாகக் குழுவில் அடித்தட்டுக் குடியிருப்புகளிலிருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஓட்டுரிமையோடு கூடிய இடம் வேண்டும். சிறப்பு அழைப்பாளர் நாற்காலி வேண்டாம். கூட்டம் ஆங்கிலத்தில் இணையவழியாகவே நடந்தால் அந்த இடமும் பேருக்குத்தான் இருக்கும். அதனால் கூட்டத்தின் மொழியும் நேரமும் சேர்ந்து மாற வேண்டும்.

நான்காவது, பணம். சர்வதேசப் போட்டிக்குத் தேர்வானாலும் பயணச் செலவை ஆட்டக்காரரே பெரும்பாலும் தேட வேண்டியிருக்கிறது. கடன் வாங்கியோ நன்கொடை திரட்டியோ போக வேண்டும். தேர்வுப் பட்டியலில் முடியாதவர் பேர் விடுபடுவதைத் 'தானாக விலகினார்' என்று எழுதக் கூடாது. நுழைவுக் கட்டணம் அணியின் வசதியைப் பார்த்து அமைய வேண்டும், வரவு செலவு எல்லோர் பார்வைக்கும் வர வேண்டும்.

ஐந்தாவது, சாதி, மத, பாலின இழிவுப் பேச்சுக்குத் தனிப் புகார்க் குழு. 'இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்ற முறை ஃபவுலுக்குச் சரி, வன்கொடுமைக்குச் சரியல்ல. அந்தக் குழுவில் அமைப்புக்கு வெளியே இருந்தும் ஆட்கள் வேண்டும்.

இதெல்லாம் ஆட்டத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். இந்த ஆட்டம் 1968இல் நியூ ஜெர்சி மாநிலம் மேப்பிள்வுட்டில் ஒரு பள்ளியில் மாணவர்கள் தொடங்கியது. விதியைப் பிள்ளைகள்தான் எழுதினார்கள். பிறகு எத்தனையோ முறை திருத்தினார்கள். மனுவின் நூலையே மகாடில் எரித்த மரபில் வருகிறவர்கள் நாம். ஒரு தட்டு விளையாட்டின் விதியைத் திருத்தச் சொல்வதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். போட்டி முடிந்து வந்ததும் விதிநூலின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தோம். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. 'கான்டெஸ்ட்' என்பதற்கு என்ன சொல்வது என்று பெரிய சண்டை. மறுப்பு, எதிர்ப்பு, முறையீடு என்று நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள்தான் சொன்னாள், "எதுக்குங்க அக்கா இவ்வளவு? 'ஒத்துக்க மாட்டேன்'னு போடுங்க."

அப்படியே போட்டிருக்கிறோம். அடுத்த போட்டிக்கு அவள்தான் எங்கள் ஸ்பிரிட் கேப்டன். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மைதானத்தில் இருப்போம். சிரித்த தோழரும் வரலாம், டிஸ்க் நாங்கள் கொடுக்கிறோம்.