நடைக்குத் தடை நோயா, அச்சமா?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ் மணக்கும் மேடையில் முதுகுவலியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று எண்ணாதீர்கள். தம்பானூர்த் தமிழருக்கு நடை வாழ்வோடு பிணைந்தது. 1931ஆம் ஆண்டு முதல் இங்குள்ள புகைவண்டி நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, நடந்தே பிழைப்புத் தேடியவர்கள் நம்மில் பலர். சாலைக் கடைத்தெருவில் சுமை ஏற்ற தோள்களும், கல்லாவில் நாள் முழுதும் அமர்ந்த இடுப்புகளும் நம்முடையவையே.

அடியேனும் ஒருநாள் அரிசி மூட்டையைத் தூக்கக் குனிந்தேன், இடுப்பில் சுளீரென்றது. சில வாரங்களில் வலி தணிந்தது. ஆயினும் என் நடை திரும்பவில்லை. கம்பத்தை விழுங்கியவன்போல் விறைத்து நடந்தேன். நிலையத்து மேம்பாலப் படிகளைக் கண்டாலே நெஞ்சு நடுங்கிற்று. ஒரு கிலோமீட்டர் அளவேயான கிழக்கே கோட்டைக்கும் ஆட்டோவையே நாடினேன். “அசையாதீர்கள்” என்று வீட்டார் அன்போடு தடுத்தனர்.

இயன்முறை மருத்துவர் ஒருவர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். “ஐயா, இப்போது வலிக்கிறதா? அல்லது வலித்துவிடுமே என்று அஞ்சுகிறீர்களா?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

இவ்வச்சத்தை அளக்க ஒரு கருவியே உண்டு. டாம்பா என்னும் அமெரிக்க நகரின் பெயர் தாங்கிய அது, 17 கூற்றுகளைக் கொண்டது. தம்பானூருக்கும் டாம்பாவுக்கும் உறவில்லை. அச்சம் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது! 2000ஆம் ஆண்டில் விளாயன், லிண்டன் என்னும் அறிஞர்கள் இதன் சுழலை விளக்கினர். வலி வந்ததும் முதுகெலும்பே முறிந்ததுபோல் மனம் கலங்குகிறது, கலக்கம் அச்சமாகிறது, அச்சம் அசைவைத் தவிர்க்கிறது, அசையாத உடல் தளர்கிறது, தளர்ந்த உடலில் வலி தங்கிவிடுகிறது.

நடையில் இதன் விளைவைக் காணலாம். விரைந்து நடக்கும்போது தோள் ஒருபுறமும் இடுப்பு மறுபுறமுமாகத் திரும்புவது இயல்பு. முதுகுவலியுற்றோர் பலரிடம் இவ்விரண்டும் ஒட்டிய பலகைபோல் ஒன்றாகவே திரும்புகின்றன. ஓய வேண்டிய நேரத்திலும் முதுகுத் தசை இறுகியே நிற்கிறது. அடி குறுகுகிறது, வேகம் குறைகிறது. காவலுக்கு வந்த இறுக்கம் நாளடைவில் சிறையாகிறது.

அப்படியாயின் படுக்கையே மருந்தா? 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், திடீர் முதுகுவலியுற்ற நகராட்சி ஊழியர் 186 பேரை ஆராய்ந்தனர். படுத்திருந்தோரையும் தனிப்பயிற்சி செய்தோரையும்விட, இயன்ற அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தோரே விரைவில் தேறினர். 2024இல் ஆஸ்திரேலியாவில், முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. வழிகாட்டலோடு படிப்படியாக நடைப்பயிற்சி செய்தோருக்கு, வலி மீண்டும் வர இடைநிலை அளவாக 208 நாள் ஆயிற்று. செய்யாதோருக்கு 112 நாளே.

அச்சம் முழுதும் தீது என்று கூற வரவில்லை. அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவதே அறிவுடைமை என்பது வள்ளுவர் நெறி. காலில் வலுவிழப்பு, சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சல், விபத்து, முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுள் ஒன்று முதுகுவலியோடு சேர்ந்தால் உடனே மருத்துவரை நாடுங்கள். அங்கே துணிச்சல் பேதைமை. மற்றவர்க்கோ, சிறிது வலித்தாலும் அது சிதைவன்று என்னும் தெளிவே முதல் மருந்து.

முதல் நாள் என் தெருமுனைவரை ஐந்து நிமிடம் நடந்தேன். மறுவாரம் பத்து நிமிடம். மூன்றாம் மாதம் கிழக்கே கோட்டைக்கு நடந்தே சென்று வந்தேன். வலி முற்றும் அகலவில்லை. ஆனால் என் வழியை அது மறிக்கவில்லை. இன்று இவ்விழாவுக்கும் நடந்தே வந்தேன்.

வீட்டில் முதுகுவலியோடு அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் “அசையாதீர்கள்” என்னாதீர்கள். “வாருங்கள், நானும் உடன் வருகிறேன்” என்று கைகொடுங்கள். அதுவே நாம் செய்யத்தக்க தொண்டு.