பெரிய கோப்பும் சிறிய அச்சுப்பொறியும்



தமிழகத்தை விட்டுப் பம்பாய்க்கு வந்து குடியேறிய நம்மவர் பலருக்குச் சோறு போட்ட கலைகளுள் தட்டச்சும் ஒன்று. விக்ரோலியில் ஆலைகளை எழுப்பிய கோத்ரெஜ் நிறுவனம் 1955-ஆம் ஆண்டில் தன் தட்டச்சுப்பொறியை வெளியிட்டது. அத்தகைய பொறிக்கு நினைவு என்று ஒன்று இல்லை. விரல் தட்டிய எழுத்து அக்கணமே தாளில் விழும். ஒரு பக்கமாயினும் நூறு பக்கமாயினும் அதற்கு ஒன்றே. இன்று நம் வீட்டு மேசைமேல் இருக்கும் பிரிண்டர் என்னும் அச்சுப்பொறி அத்தகையதன்று. சிறிய கடிதத்தை நொடியில் அச்சிட்டுத் தரும் அதே பொறி, பெரிய கோப்பைக் கண்டதும் விளக்கை மினுக்கிவிட்டு வாளா இருந்துவிடுகிறது. இதன் காரணம் யாது, மாற்று யாது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. விக்ரோலி பார்க்சைட்டிலும் தாராவியிலும் வாழும் நம்மவர்க்குத் தாள்தான் உரிமை. மகாராஷ்டிரத்தின் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இலவச வீடு பெறுவதற்கு, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பே அங்கே குடியிருந்தோம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. பழைய ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலின் பக்கம் ஆகியவற்றையெல்லாம் செல்பேசியால் படமெடுத்து ஒரே கோப்பாக்கி வைத்திருக்கிறோம். தாள்களைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவில் அந்தக் கோப்பு அச்சாக மறுத்தால் என் செய்வது?

முதலில் காரணத்தைக் காண்போம். கணிப்பொறியில் கோப்பு சுருங்கிய நிலையில் கிடக்கிறது. அச்சிடும்போதோ அது புள்ளி புள்ளியாக விரிய வேண்டும். உழக்கு அரிசி, சோறாகப் பொங்கும்போது சிறு பானை கொள்ளாது அன்றோ? ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் வேண்டும். வெறும் கறுப்பு வெள்ளை என்றால் அது 1 மெகாபைட்டுக்குச் சற்று மேல். முழு வண்ணம் என்றால் 26 மெகாபைட். புள்ளிகளை அங்குலத்துக்கு 600 ஆக்கினால், இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 100 மெகாபைட்டைத் தாண்டுகிறது.

லேசர் அச்சுப்பொறி பக்கத்தைத் தொடங்கிவிட்டால் நடுவே நின்று மூச்சு வாங்க இயலாது; உருளை சுழன்றுகொண்டே இருக்கும். ஆதலின் அடுத்தடுத்த புள்ளிகள் தட்டின்றி ஆயத்தமாக வந்துகொண்டிருக்க வேண்டும். மை தெளிக்கும் பொறியோ பட்டை பட்டையாக அச்சிடுவதால் காத்திருக்க வல்லது. 1984-இல் வந்த எச்.பி. நிறுவனத்தின் முதல் லேசர்ஜெட் பொறியில் 128 கிலோபைட் நினைவகமே இருந்தது. எழுத்து வடிவங்கள் பொறிக்குள்ளேயே இருந்தமையால் கடிதங்களை அது நன்றாக அச்சிட்டது; அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் முழுப்பக்கப் படத்துக்கோ அதைப்போல் எட்டு மடங்கு இடம் தேவைப்பட்டது. மறு ஆண்டு வந்த ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டரில் 1.5 மெகாபைட் வைத்ததன் பின்னணி இதுவே. எழுத்து வேறு, எழுத்தின் படம் வேறு. நம் ரேஷன் அட்டைக் கோப்பு முழுவதும் படமே.

இனி மாற்று வழிகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, ஒரு வரிக் கடிதத்தை அச்சிட்டுப் பாருங்கள். அது வந்துவிட்டால் பொறி நலமாக இருக்கிறது. மையையும் உருளையையும் மாற்றிப் பணத்தைச் செலவிட வேண்டா.

இரண்டாவது, தேங்கிய வேலைகளை நீக்குங்கள். அச்சாகாத கோப்பு வரிசையின் தலையில் நின்றுகொண்டு பின்வருவனவற்றையும் மறிக்கும். வரிசையிலுள்ளவற்றை நீக்கி, பொறியையும் கணிப்பொறியையும் அணைத்துப் பின் இயக்குங்கள். அச்சுக்குப் போகும் கோப்பு முதலில் கணிப்பொறியின் வட்டில் விரிந்து தங்குவதால், அங்கே காலியிடம் இருக்கிறதா என்றும் காணுங்கள்.

மூன்றாவது, பகுத்து அச்சிடுங்கள். நாற்பது பக்கத்தில் முதல் ஐந்து, அடுத்த ஐந்து என்று அனுப்பினால், பெரும்பாலும் ஏதோ ஒரு பக்கமே குற்றவாளி என்பது புலப்படும். அதை மட்டும் தனியே கவனித்தால் போதும்.

நான்காவது, வண்ணத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 600 புள்ளியை 300-ஆகக் குறையுங்கள். தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ சிதைந்தோ விழுந்தால், அக்ரோபேட் ரீடரின் அச்சுப் பலகையில் 'அட்வான்ஸ்ட்' என்னும் பகுதியில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பக்கம் ஒரே படமாகிச் செல்லும்.

ஐந்தாவது, கம்பியில்லா இணைப்பில் கோப்பு பாதியில் அறுந்தால், யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து முயலுங்கள்.

இவ்வளவிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கோப்பைச் சிறிதாக்கும் ஆர்வத்தில் அளவுக்கு மீறிச் சுருக்கினால், மங்கிய முத்திரையும் ஆண்டும் கரைந்துபோகும். 1998 என்பது 1993 போலவோ வெறும் கறையாகவோ தோன்றினால் அத்தாளால் என்ன பயன்? ஆகவே மூலப் படத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, அதன் நகலையே சுருக்குங்கள். சுருக்கிய பின் ஆண்டு, பெயர், முத்திரை மூன்றையும் பெரிதாக்கிப் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். கறுப்பு வெள்ளையில் நீல முத்திரை மறைந்தால், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வண்ணத்தை அளியுங்கள்.

அப்படியும் இயலாவிடில் செராக்ஸ் கடை இருக்கவே இருக்கிறது. ஆனால் ஆதாரும் வங்கிக் கணக்கும் அடங்கிய கோப்பைக் கடைக் கணிப்பொறியில் விட்டு வராதீர்கள். நம் கண்முன்னே அழிக்கச் சொல்லி வாங்குவது நம் உரிமை.

மறுக்கும் பொறியைத் தட்டுவதாலும் புதிதாக ஒன்று வாங்குவதாலும் வரும் பயன் சிறிது. பாரம் பெரிதானால் பாரத்தைப் பகுத்துச் சுமப்பதுதான் நம் முன்னோர் அறிந்த வழி. கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்னரே ஒரு பிரதி அச்சிட்டுப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.