குயவர் கையும் கணினியும்

குயவனுடைய சக்கரமும் ஒரு யந்திரமே. மண்ணைத் திரியாக உருட்டி, ஒன்றன்மேலொன்றாகச் சுற்றிக் கலஞ் செய்துவந்த முதியோர், அது தோன்றிய நாளிற் கையின் அருமை போயிற்றென்று வருந்தியிருக்கவும் கூடும். 1763ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் குயவரான யோசையா வெட்ஜ்வூட் கடைசற்பொறியொன்றைக் கொணர்ந்து, பாதி உலர்ந்த கலங்களின்மேல் அணிவரிகளைக் கீறச்செய்தார். இன்று பழைய வினா கணினியை முன்னிட்டு மீண்டும் எழுந்துள்ளது. வனைபவன் தன் விரல்களை விட்டுக் கணினியின் துணையை நாடும்போது, விளைவது கலையா, வெறும் உற்பத்தியா?

முதலிற் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். இலங்கையில் இடியப்ப உரலை அறியாதார் இலர். மாவுக்குப் பதிலாகப் பிசைந்த களிமண்ணையும், கையின் அழுத்தத்துக்குப் பதிலாகக் காற்றின் அழுத்தத்தையும், கை சுற்றும் போக்குக்குப் பதிலாகக் கணினியின் கட்டளையையும் வைத்து எண்ணினால் மண் அச்சிடும் பொறியின் தத்துவம் விளங்கிவிடும். சில மில்லிமீற்றர் பருமனுள்ள மண் இழை படைமேற் படையாக எழுந்து கலமாகின்றது. சக்கரத்துக்கு முற்பட்ட திரியடுக்கு முறையே புதுக்கோலம் பூண்டு வந்திருக்கின்றது எனலாம்.

பெல்ஜிய நாட்டின் அன்ட்வேர்ப் நகரிலுள்ள 'அன்போல்ட்' என்னும் வடிவமைப்புக் கூடத்தினர், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சிடும் எளிய பொறியொன்றைக் களிமண்ணுக்கேற்ப மாற்றினர். 2010இல் அவர்கள் காட்சிக்கு வைத்த படைப்பின் பெயர் 'இலத்திரனியல் கைவினைஞன்' என்பதாம். அதிலே திரையில் ஓர் உருளை சுழலும். லேசர் ஒளிக்கற்றையின் குறுக்கே பார்வையாளர் கையை நீட்ட, அவ்வுருளை ஒடுங்கியும் விரிந்தும் கலத்தின் உருப்பெறும். அவ்வடிவங்களை மண்ணில் ஆக்கப் பொறியும் அங்கே இருந்தது. காற்றைத் தடவி வனைந்த கலம்! எனினும் அங்கே கைக்கு எட்டாதது ஒன்றுண்டு. அது மண்ணின் எதிர்ப்பு. சக்கரத்திலுள்ள மண் மிதமிஞ்சி அழுத்தினால் முறுக்கிக்கொள்ளும், நீர் மிகுந்தாற் சரியும். ஒளிக்கற்றையோ எதனையும் மறுப்பதில்லை.

தென்னாபிரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தின் சபோக் பகுதியிற் தொழில் செய்யும் யொனதன் கீப், மண்ணோடு நெடுங்காலம் பழகியபின் கணினிக்கு வந்தவர். கணிதக் கட்டளைகளாலேயே வடிவங்களை ஆக்குகின்றார். ஆனால் மண்ணைக் கலப்பதும், காற்றுக்குமிழி இல்லாமற் குழாயில் அடைப்பதும் கைவேலையே. ஒரு குமிழி தங்கினும் இழை அறுந்து பொத்தல் விழும். மண் இளகியிருந்தாற் கீழ்ப்படைகள் பாரந் தாங்கா. இறுகியிருந்தால் துளைவழியே வராது. இந்தப் பதத்தைக் கையே அறியும். பின்னர் கலம் மெல்ல உலர்ந்து, சுருங்கி, 1,000 பாகை சென்ரிகிறேட்டை அளாவிய சூளையின் வெப்பத்தையுந் தாங்கவேண்டும். கீப் தமது பொறியின் அமைப்பு விவரங்களை எவரும் இலவசமாகப் பெற விட்டிருக்கின்றார். தொழில் இரகசியங்களைத் தலைமுறையாகப் பொத்திக் காத்த ஒரு கலையில் இது சிறிய காரியமன்று.

மைக்கேல் ஈடனின் செய்தி சற்று வேறு. இருபது ஆண்டுக்குமேல் மட்கலம் வனைந்து வாழ்ந்த இவ்வாங்கிலேயர், 2008இல் லண்டன் றோயல் கலைக் கல்லூரியில் ஆய்வை முடித்துத் திரையில் வடிவமைக்கலானார். வெட்ஜ்வூட் மரபிலுள்ள மூடியிட்ட சூப்புக் கலமொன்றை, எலும்பின் உட்புறம்போலத் துளைதுளையாக அவர் ஆக்கினார். சக்கரத்தில் அத்தகைய சுவரை எழுப்புதல் இயலாது. ஆனால் அது சூளை காணாதது. ஜிப்சம் சார்ந்த தூளினால் ஆக்கிப் பூச்சுப் பூசியது. அதனை மட்பாண்டம் எனலாமோ என்று கேட்போர் உளர், கேட்பது நியாயமே. எனினும் தோள் எங்கே விரியவேண்டும், கழுத்து எங்கே ஒடுங்கவேண்டும் என்ற அறிவு அவருக்குத் திரையிலிருந்து வந்ததன்று. மண்ணோடு கழிந்த ஆண்டுகளின் சேமிப்பு அது.

இன்று இக்கலையை நேரே திரையிலே தொடங்கும் இளைஞனிடம் அச்சேமிப்பு இல்லை. அவன் கலத்தை விரைவில் வரைந்துவிடுகின்றான். அதன் அடி பாரந் தாங்குமா, வாய் கோணாமல் உலருமா என்பதை முதற்கலம் பொறியின்மேற் சரிந்த பின்னரே அறிகின்றான். சரிந்த மண்ணை வழித்தெடுத்து, நீர் தெளித்து, மறுபடி பிசைய அவனும் அமரவேண்டியிருக்கின்றது.