கடைமடைக்காரர் சொல்லும் கணக்கு

பெல் ஆலைத் தோழர்களே!

பேட்டவாய்த்தலையில் காவிரியின் தென்கரையிலிருந்து பிரிகிறது உய்யக்கொண்டான். ராஜராஜன் காலத்து வாய்க்கால் என்பார்கள். சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, 30 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நனைக்கிறது. உய்யக்கொண்டான் திருமலை, புத்தூர், பாலக்கரை எல்லாம் கடந்து வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. அந்த ஏரி நமக்குப் பக்கத்து ஊரில்தான். கைலாசபுரத்தில் இருக்கிற நாம் கடைமடைக்காரர்கள். மேலே திருச்சி எதைக் கொட்டினாலும் நம் பக்கம்தான் வந்து சேரும்!

நீரைக் காக்க மக்களே கூடிய கதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகனில், 1959-இல், ட்ரௌட் மீன் பிடிப்பவர்கள் ஆற்றங்கரையில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். குளிர்ந்த, தெளிந்த நீரில்தான் அந்த மீன் வாழும். மீனைக் காக்க ஆற்றைக் காத்தார்கள். நமக்கு ட்ரௌட் வேண்டாம், கெண்டை போதும். சாக்கடை கலந்தாலும் விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்த வழி கிடையாது. கெண்டை துள்ளுகிற இடத்தில் தண்ணீருக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நம்பலாம்.

‘சிட்டிசன்ஸ் ஃபார் உய்யக்கொண்டான்’ என்று நம் நகர மக்களும் கூடியிருக்கிறார்கள். கரையில் நடந்தார்கள், குப்பை அள்ளினார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வாய்க்காலை மூடுகிற ஆகாயத்தாமரையை வாருவதோடு நின்றுவிட்டால், சில வாரங்களில் அது மறுபடி மூடிவிடும். ஏன்? வீட்டுக் கழிவுநீர்தான் அதற்கு உரம்! உரத்தை ஊற்றிக்கொண்டே களை பறித்தால் என்றைக்கு முடியும்?

பாய்லர் செய்கிற கைகள் இங்கே இருக்கின்றன. நீரை அழுத்தி ஏற்றிப் பார்க்கிற ஹைட்ரோ டெஸ்டில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்தச் சாமானை வாசல் தாண்ட விடமாட்டீர்களே! அந்தக் கண்டிப்போடு இந்த வாய்க்காலைப் பாருங்கள்.

தண்ணீர் நிறுத்துகிற மாதங்களில் கரை வெறுமையாகக் கிடக்கும். எந்தக் குழாய் எங்கிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் படம் எடுப்போம், இடம் குறிப்போம், மாநகராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் கொடுப்போம். பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுத்து அடைக்கும்வரை விடாமல் கேட்போம். பாலக்கரையிலிருந்து வாழவந்தான்கோட்டை வரை நடக்க ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் நோட்டு இருக்கிறது, பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.