பொது இடமும் இளஞ்சிறாரும்

(பெங்களூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இந்நகரின் சதாசிவநகர்ப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம் ஒன்று, 1976-இல் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. அங்குக் குடியிருந்தோர் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதானே என்ற வாதம் எழாமல் இல்லை. ஆயினும் 1991-இல் உச்ச நீதிமன்றம், பூங்கா நிலம் பூங்காவாகவே இருத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 1976-இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை அதற்குள் கல்லூரி மாணவராக வளர்ந்திருக்கும். அத்தனை ஆண்டுகள் சிலர் சலியாது நின்றமைக்குக் காரணம், அந்நிலத்தைத் தம்முடையது என்று கருதியமையே.

இக்கருத்தைக் குழந்தைக்கு எவ்வாறு ஊட்டுவது? சட்டங்கள் நம்மிடம் உள்ளன. கப்பன் பூங்காவையும் லால்பாக்கையும் காக்க 1975-லேயே மாநிலச் சட்டம் பிறந்தது. பொதுச் சொத்தைப் பேணுவது குடிமக்களின் கடமை என 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. ஆனால் ஏழு வயதுச் சிறுவன் சட்டத்தையும் அறிவிப்புப் பலகையையும் படிப்பதில்லை. வேர்க்கடலை தின்றபின் காகிதத்தைத் தந்தை எங்கே போடுகிறார் என்றுதான் பார்க்கிறான்.

ஆகவே, அறிவுரையைக் குறைத்துப் பொறுப்பைக் கொடுங்கள் என்பேன். பள்ளிக்கு அருகில், தெருவோரத்தில் நிற்கும் புங்கங்கன்று ஒன்றை ஐந்து குழந்தைகளிடம் ஓராண்டுக்கு ஒப்படையுங்கள். பள்ளி வளாகத்திற்குள் இருப்பது வேண்டாம். அது பள்ளியின் சொத்தாகவே தோன்றும். இதில் ஒரு சங்கடம் உண்டு. மழையற்ற மாதங்கள் கழிந்து மண் வறண்டுகிடக்கும் ஏப்ரலில்தான் கோடை விடுமுறையும் வருகிறது. அப்போது நீர் ஊற்றுவது யார் என்பதைக் குழந்தைகளே கூடி முடிவு செய்யட்டும். கன்று பட்டுப்போனால் அதையும் அவர்கள் காணட்டும். இரவோடிரவாக வேறு கன்றை நட்டு மறைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மனந்திறந்து கூறவேண்டும். தூய்மைப் பணி என்றவுடன் துடைப்பம் பெண் குழந்தைகளின் கைக்குச் செல்வதும், கழிவறை வேலை குறிப்பிட்ட சில சாதிக் குழந்தைகளின் தலையில் விழுவதும் நம் நாட்டில் நடந்துள்ளன. அங்கே குழந்தை கற்பது பொதுநலமன்று, இழிவையே கற்கிறது. கழிவறை வேலையை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கலாகாது. வகுப்பறையைப் பெருக்குவதாயின் எல்லாரும் முறைவைத்துப் பெருக்கவேண்டும். அந்த முறைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். முதல் வாரத்திற்கு நேரே தலைமை ஆசிரியரின் பெயரை எழுதுங்கள்.