தறியடியில் வளரும் திருச்சபை
(ஜூபிலி விழாவில் பொதுநிலையினர் ஒருவர் ஆற்றிய உரை)



'தேவ அழைத்தல்' என்றதும் நம் நினைவுக்கு வருவது குருமடமும் கன்னியர் மடமும்தான். அப்படியானால் தறியில் உட்காருகிறவருக்கும், கடை நடத்துகிறவருக்கும், பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் அழைத்தல் இல்லையா? உண்டு! இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் பொதுநிலையினரின் பணிக்கென்றே தனி ஏடு ஒன்றை வெளியிட்டு இதை உறுதிப்படுத்தியது.

இது புதிய போதனை அல்ல. கொரிந்து நகருக்கு வந்த புனித பவுல், அக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரின் வீட்டில் தங்கினார். ஏன்? மூவருக்கும் கூடாரம் செய்வதே தொழில். ஒன்றாக உழைத்தார்கள், விசுவாசத்திலும் ஒன்றாக வளர்ந்தார்கள். பிற்பாடு அத்தம்பதியரின் வீட்டிலேயே சபை கூடியதாகப் பவுலின் திருமுகங்கள் கூறுகின்றன.

நம் தமிழ் மண்ணிலும் இதுவே நடந்தது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். துன்பத்தில் வாடிய அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொல்லித் தேற்றியவர் குருவானவர் அல்ல. அதே அரசரிடம் பணிபுரிந்த படைத்தலைவர் டி லனாய். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார். 1749-இல் கைதானார், பதவியை இழந்தார், விசுவாசத்தை விடவில்லை. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட அவர், இல்லறத்தார், ஓர் உத்தியோகஸ்தர். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் மற்றொருவரிடம் பேசிய பேச்சிலிருந்து பிறந்தது அந்தப் பெரும் சாட்சியம்.

சகோதரரே, சகோதரிகளே! காஞ்சிப் பட்டின் கோர்வைக் கரையை நாம் அறிவோம். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து, ஊடைக்கு ஊடை கோக்க வேண்டும். அதற்குத் தறியில் துணையாள் ஒருவர் வேண்டும். பங்கும் அப்படித்தான். குருவானவர் ஒருவரே அதை நெய்து முடிக்க முடியாது.

ஆனால் அந்தத் துணையாள் இடத்தில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவர்களை உட்கார வைத்த காலம் நம் வட்டாரத்தில் இருந்ததை மறக்கலாமா? அவர்களை வேலைக்கு வைத்தவர்களும் கோவிலுக்குப் போனவர்கள்தாம்! ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்கிய கை, திங்கட்கிழமை விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்குமானால், நெசவாளியின் கூலியைக் குறைக்குமானால், நாம் கட்டிய ஆலயம் வெறும் கல்லும் சுண்ணாம்பும்தான்.

ஆகவே ஜூபிலி காணிக்கையாக ஒன்று கேட்கிறேன். பணம் அல்ல. அவரவர் தொழிலில் ஓர் அநியாயத்தை இன்றே விட்டுவிடுங்கள். துன்பப்படும் உடன் தொழிலாளி ஒருவருக்கு ஆறுதல் சொல்லுங்கள். அடுத்த ஜூபிலியைக் கொண்டாடப்போகும் பங்கு அங்கிருந்துதான் வளரும்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!